தூக்கணாங்குருவியை அறிந்தவர்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் வயலோரத் தென்னையிலோ பனையிலோ குடுவை போன்ற கூடுகள் தொங்கக் கண்டால், அவை தூக்கணாங்குருவியின் கூடுகள். அக்குருவியின் இல்வாழ்க்கையை உலகறியச் செய்தவர் பறவையியல் அறிஞர் சாலிம் அலி.

அவர் 1896 ஆம் ஆண்டு மும்பையில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமன் இல்லத்தில் வளர்ந்தார். சிறுவயதில் ஒரு நாள் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. வீட்டுச் சிட்டுக்குருவிக்கு அந்நிறம் இல்லையே என்று ஐயுற்றார். மாமன் அவரை மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். கழகச் செயலாளர் மில்லார்டு, அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று விளக்கி, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் காட்டினார். பறவைகளின் மேல் தீராத ஆர்வம் அன்று பிறந்தது.

ஆர்வம் மட்டும் சோறு போடவில்லை. பெர்லினில் பறவையியல் பயின்று 1930 இல் திரும்பியபோது, அவர் பார்த்துவந்த அருங்காட்சியக வேலை பணமின்மையால் நீக்கப்பட்டிருந்தது. மனைவி தெஹ்மினாவுடன் கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் குடியேறினார். வேலையற்ற அக்காலத்தில்தான் தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் உற்று நோக்கினார்.

தானியத்தை உடைக்கத் தக்க தடித்த கூம்பலகு உடையது இக்குருவி. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் உச்சந்தலை பொன்மஞ்சளாகும். மற்றக் காலங்களில் ஆணும் பெண்ணும் பெண் சிட்டுக்குருவியைப் போலவே தோன்றும். எளிதில் ஏமாற்றிவிடும்!

ஆண் குருவி புல்லையும் நெல்லோலையையும் நாராகக் கிழித்துக் கூட்டைப் பாதி வரை பின்னும். பெண் குருவிகள் வந்து அவற்றைச் சோதித்துப் பார்க்கும். பிடித்த கூட்டைப் பெண் ஏற்றபின்பே ஆண் நீண்ட வாயிற்குழலைப் பின்னி முடிக்கும். பெண் அடைகாக்கும் வேளையில் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி, வேறொரு பெண்ணை எதிர்நோக்கும். யாரும் ஏற்காத கூடுகள் அரைகுறையாகவே தொங்கும். கூட்டுக்குள் ஈரமண்ணில் மின்மினியை ஒட்டிக் குருவி விளக்கேற்றுகிறது என்பது இனிய கதை. அதில் மண் மட்டுமே உண்மை.

1933 இல் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி நாடுகளின் பறவைகளைக் கணக்கெடுத்தார். நெய்யாற்றின்கரையும் நாகர்கோவிலும் அன்று திருவிதாங்கூர் என்னும் ஒரே நாட்டில் இருந்தன. இடையே மாநில எல்லை 1956 இல்தான் வந்தது. தெஹ்மினாவும் அப்பயணத்தில் உடன் சென்றார். அதன் முடிவுகள் கழகத்தின் இதழில் தொடராக வெளிவந்து, பின்னர் நூலாயின. தம் தொண்ணூறாம் வயதில், 1987 இல் அவர் மறைந்தார்.