மடகொம்பரை மைந்தர் சி. வி. வேலுப்பிள்ளை

தேயிலைத் தோட்டத்திலே பேர் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டென்பதை எமது சங்கத்துப் பெரியோர் நன்கறிவர். பெற்றோர் இட்டு அழைத்த பேர் ஒன்று. கணக்கப்பிள்ளையின் செக்ரோலிலே விழும் பேர் மற்றொன்று. பெரட்டுக்குப் பிந்தி வந்தால் பேர் இல்லை; கொழுந்து குறைந்தால் அரைப்பேர். மலையும் மழையும் அட்டையும் தாங்கி ஒரு நாள் முழுவதும் உழைத்தவரின் உழைப்பு, ஒரு பென்சில் கீற்றினால் உண்டாவதும் இல்லாமற் போவதுமாக இருந்தது. இவ்வாறு பேர் வெட்டப்பட்ட மக்களின் பேரை நூல்களிலே எழுதி நிலைக்கச் செய்த ஒருவரின் வாழ்க்கையை இம்மலரின் வாயிலாக இளைஞர்க்கு நினைவூட்ட விரும்புகிறேன். அவர்தாம் மக்கள் கவிமணி எனப் போற்றப்பெறும் சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள்.

அன்னார் எங்கோ தொலைவிலே பிறந்தவரல்லர். எமது திம்புள்ளைத் தேயிலைப் பிரதேசத்தைச் சேர்ந்த வட்டகொடைக்கு அண்மையிலுள்ள மடகொம்பரைத் தோட்டத்திலே 1914ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் நாள் பிறந்தார். குடும்பம் கங்காணிக் குடும்பம். அந்நாளிலே பெரிய கங்காணியின் வீடென்றால் அதன் மதிப்பே வேறு. தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தவரும், அவர்களுக்கு முன்பணம் கொடுத்துக் கடனாளியாக்கியவரும், துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே நின்று பேசியவரும் கங்காணியே. அத்தகைய வீட்டுப் பிள்ளை கூடை சுமக்க வேண்டியதில்லை. லயத்துப் பிள்ளைகள் எழுத்தறியுமுன்னரே மலைக்குச் சென்ற காலத்திலே, சிறுவர் வேலுப்பிள்ளை அட்டன் மெதடிஸ்த கல்லூரிக்கும், பின்னர் கொழும்பு நாளந்தாக் கல்லூரிக்கும் சென்று ஆங்கிலக் கல்வி பயின்றார்.

ஆங்கிலம் அவருக்குக் கைவந்த மொழியாயிற்று. இளமையிலேயே விஸ்மாஜினி என்னும் இசை நாடகத்தை ஆங்கிலத்தில் எழுதினார். 1934ஆம் ஆண்டிலே மகாகவி தாகூர் இலங்கைக்கு வந்தபோது, இருபது வயதும் நிரம்பாத இந்த மலைநாட்டு இளைஞர் அவரைக் கண்டு தமது நூலைக் கையிற் கொடுத்து ஆசி பெற்றார். தோட்டத்துக் குழந்தைகள் துரையின் பங்களாப் பக்கம் செல்லவே அஞ்சிய காலமது. அக்காலத்திலே, உலகப் புகழ் பெற்ற கவிஞரின் முன்னே ஒரு தோட்டத்துப் பிள்ளை தமது புத்தகத்துடன் சென்று நின்றமை சிறிய துணிவன்று.

இவ்விடத்திலே என் நிலையையும் கூறிவிடுகிறேன். மிஷன் பாடசாலையொன்றிலே பயின்ற நான், கண்ணாற் கண்டிராத குளிர்நாட்டு மலர்களைப் பாடிய கவிஞர்களை மனனஞ் செய்திருந்தேன். என் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரியும் தேயிலை மலையை ஒருவர் ஆங்கிலத்திலேயே பாடியிருக்கிறார் என்பதைப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்த பின்னரே அறிந்தேன். அறிந்த அன்று மகிழ்ச்சியிலும் வெட்கமே மிகுதியாயிருந்தது.

சி. வி. விரும்பியிருப்பின் கொழும்பிலே ஆங்கிலக் கவிஞர் என்னும் பட்டத்துடன் சுகமாக வாழ்ந்திருக்கலாம். சிறிது காலம் ஆசிரியராகவும் பணியாற்றினார். ஆயின் 1939ஆம் ஆண்டிலே இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றித் தோட்டங்கள் தோறும் தொழிற்சங்க உணர்ச்சி பரவிய வேளையிலே, அவர் லயத்தின் பக்கமே திரும்பினார். அந்நாளிலே சங்க வேலை எளிதன்று. தோட்டம் துரையின் சொத்து; உத்தரவின்றி உள்ளே கால் வைத்தால் அத்துமீறற் குற்றம். ஆகவே சங்கக்காரர் இருட்டிய பின் குறுக்குப் பாதையால் ஏறி, லயத்து இஸ்தோப்பிலே அமர்ந்து தாழ்ந்த குரலிற் பேசித் திரும்புவது வழக்கமாயிருந்தது. நாய் குரைத்தாலும் நெஞ்சு துணுக்குறும். எமது பாட்டன்மார் சிலர் அவ்விரவுகளைப் பற்றி இன்றும் கதை கதையாய்ச் சொல்வர்.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றஞ் சென்றவர் சி. வி. அவர்களே. தோட்டத்து மக்களின் வாக்கினால் தோட்டத்திற் பிறந்த ஒருவர் நாட்டின் சட்டசபையிலே அமர்ந்தார். அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும், அதனையடுத்து 1949இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் ஏறத்தாழ 7 இலட்சம் மக்களை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. செக்ரோலிலே பேர் வெட்டப்பட்டு வந்த மக்களுக்கு இப்போது வாக்காளர் இடாப்பிலும் பேர் வெட்டப்பட்டது. தம்மை அனுப்பிய மக்களே இடாப்பில் இல்லாத நிலையிலே ஒரு பிரதிநிதி சபையில் அமர்ந்திருப்பது எத்துணை வேதனை! 1952ஆம் ஆண்டிலே காங்கிரஸ் கொழும்பிலே பல மாதங்கள் சத்தியாக்கிரகம் நடத்தியது. அவ்வாண்டுத் தேர்தலில் அதன் சார்பிலே ஒருவரும் பாராளுமன்றஞ் செல்ல இயலவில்லை.

பதவி போயிற்று, பேனா போகவில்லை. உண்மையில் அன்னாரின் சிறந்த எழுத்துக்கள் இதன் பின்னரே மலர்ந்தன. 1950களின் முற்பாதியிலே இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய அவருடைய நெடுங்கவிதை ஆங்கிலத்தில் நூலாயிற்று. காட்டை அழித்து மலையைத் திருத்தி மாண்டவர்களுக்குக் கல்லறையுமில்லை, பேர் பொறித்த கல்லுமில்லை, தேயிலைச் செடியே அவர்கள் மீது நிற்கிறது என்னும் துயரமே அதன் உயிர்நாடி. அதனைப் பின்னாளிலே கவிஞர் சக்தீ பாலையா தேயிலைத் தோட்டத்திலே என்னும் பேரிற் தமிழாக்கினார். 1970இல் வெளிவந்த உழைக்கப் பிறந்தவர்கள் என்னும் ஆங்கில நூலிலே, தோட்டத்தில் அன்றாடம் நாம் காணும் மனிதர்களை ஒவ்வொருவராகச் சித்திரித்தார். பிறர் கூலியென்று ஒரே சொல்லில் அடக்கிவிட்ட கூட்டத்திலே, அவர் தனித்தனி முகங்களைக் கண்டார்.

பின்னர் தமிழிலே நாவல்கள் எழுதினார். வாழ்வற்ற வாழ்வு, எல்லைப்புறம், வீடற்றவன், இனிப்படமாட்டேன் முதலியன அவற்றுட் சில. பல கதைகள் முதலிலே பத்திரிகைகளில் தொடராக வந்தவை. ஆங்கிலத்திலே புகழ் பெற்றவர் ஏன் தமிழுக்கு வந்தார்? யாரைப் பற்றி எழுதினாரோ அவர்களுடைய பிள்ளைகளாவது அதனை வாசித்தல் வேண்டும் என எண்ணியிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வீடற்றவன் என்னும் நாவலை இளைஞர் அனைவரும் வாசித்தல் வேண்டும். தோட்டத்திலே சங்கம் அமைக்க முற்பட்ட ஒரு தொழிலாளி, அதன் பயனாக இருப்பிடமிழந்து அலைவதே கதை. தோட்டத்திலே வீடு என்பது வேலையோடு ஒட்டியது. பற்றுச்சீட்டுக் கொடுத்து வேலையினின்றும் நீக்கிவிட்டால், மூன்று தலைமுறையாக அடுப்பெரிந்த காம்பராவும் அன்றே அந்நியமாகிவிடும். பொங்கலிட்ட வாசலும், பிள்ளைக்குத் தொட்டில் கட்டிய உத்தரமும் தோட்டத்தின் சொத்து. ஒருவன் உரிமை கேட்டால் அவன் குடும்பமே நடுத்தெருவில் நிற்க நேரும் என்னும் அச்சமே மக்களை வாய்மூட வைத்திருந்தது. எத்தனையோ மேடைப் பேச்சுக்கள் விளக்காத அவ்வுண்மையை ஒரு கதை விளக்கிவிடுகிறது.

1965இல் வி. கே. வெள்ளையன் அவர்கள் தொழிலாளர் தேசிய சங்கத்தை நிறுவியபோது சி. வி. அதிலே முக்கிய பங்கேற்றார். மாவலி என்னும் சஞ்சிகையின் ஆசிரியராகவும் விளங்கினார். பகலிலே தொழிலாளரின் பிணக்குகளைக் கேட்பதும், கேட்டவற்றிலே மனத்தைத் தைத்ததைக் கதையாக்குவதும் அவர் வாழ்க்கையாயின.

அவர் செய்த பணிகளுள் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது நாட்டுப்பாடற் தொகுப்பே. தாலாட்டு, தெம்மாங்கு, ஒப்பாரி என லயத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடியவற்றைக் கேட்டுத் திரட்டினார். கொழுந்து மலையிலே களைப்பு மறக்கப் பாடிய பெண், தன் பாட்டை ஒருவர் ஏட்டில் எழுதுவார் எனக் கனவிலும் கருதியிருக்கமாட்டாள். மலைநாட்டு மக்கள் பாடல்கள் என்னும் அத்தொகுதி 1983ஆம் ஆண்டிலே சென்னையில் நூலாக வெளிவந்தது. அதே ஆண்டு ஆடிக் கலவரத்திலே மலைநாட்டு நகரங்களிலும் தமிழரின் கடைகள் எரிந்தன. அத்தீயினால் அழிக்க முடியாத ஓர் உடைமையை அவர் அச்சேற்றினார்.

1984ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் சி. வி. காலமானார். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி கப்பலேறியவர் பலர். எந்த நாட்டுப் பிரஜையுமின்றிக் காத்திருந்தவர் பலர். 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களினாலேயே எஞ்சியோர்க்கும் பிரஜாவுரிமை கிட்டிற்று. வெட்டப்பட்ட பேர்கள் மீண்டும் இடாப்பிலே ஏறியதை அன்னார் காணவில்லை.

சங்கத்து இளைஞர்களே! நாம் இன்று வாக்குச் சீட்டு உடையவர்கள், பல்கலைக்கழகமும் செல்கிறோம். ஆயின் எமது லயங்களிலே இன்னும் பாட்டுத் தெரிந்த பாட்டிமார் சிலரே எஞ்சியுள்ளனர். அவர்களுள் ஒருவர் மறையும்போது ஒரு புத்தகமே மறைகிறது. அடுத்த ஆண்டு மலர் வெளிவருமுன், ஒவ்வோர் உறுப்பினரும் தம் வீட்டு முதியவர் ஒருவரிடம் அமர்ந்து, ஒரு பாட்டையாவது, ஒரு கதையையாவது கேட்டு எழுதி வருவோமாக. எழுதிய தாளின் அடியிலே அதனைச் சொன்னவரின் பேரை முழுப் பேராக எழுத மறவாதிருப்போம். மடகொம்பரை மைந்தர் எமக்குக் காட்டிய வழி அதுவே.