பராந்தக சோழரும் உத்திரமேரூர்ச் சுவரும்

ஆதித்த சோழரின் மைந்தர் முதலாம் பராந்தகர் கி.பி. 907-இல் அரியணை ஏறினார். மதுரையை வென்றார், தில்லை அம்பலத்திற்குப் பொன் வேய்ந்தார். 949-இல் தக்கோலப் போரில் மகன் இராசாதித்தரைப் பறிகொடுத்தார்.

வென்ற நிலங்கள் கைமாறின. ஆனால் 919, 921-ஆம் ஆண்டுகளில் அவர் ஆணைப்படி உத்திரமேரூர் ஊர்ச்சபை வகுத்துக் கோயிற் சுவரில் பொறித்த விதிகள் இன்றும் நிலைத்துள்ளன. குடவோலையால் வாரியத்திற்கு வருபவருக்கு வயது 35 முதல் 70, கல்வியும் வேண்டும். பதவி ஓராண்டே. கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர முடியாது. குற்றம் கண்டால் உடனே நீக்கம்.

பள்ளிக்கும் இது பாடம். கற்பிக்காத ஆசிரியரைக் கேளாமல் விடுவதும், நன்கு கற்பிப்பவரைக் காரணமின்றி நீக்குவதும் நிர்வாகத்தின் தவறே. விதி எல்லோருக்கும் தெரிந்திருந்தால், உழைப்பவர்க்கு அச்சமில்லை.

தோழியரே, அச்சுவரை ஒருமுறை கண்டு வாருங்கள்.