வீரமாமுனிவரும் பெரியநாயகித் தாயும்



விருத்தாசலத்தை அடுத்த கோணாங்குப்பம் தேவமாதாவுக்குப் பெரியநாயகி என்று பெயர் என்பதை நீங்கள் அறிவீர்கள். விருத்தாசலம் பழமலைநாதர் கோவில் அம்மனுக்கும் அதே பெயர் வழங்குகிறது. இந்தப் பெயர்ப் பொருத்தத்துக்குப் பின்னால் நிற்கிறவர் வீரமாமுனிவர்.

இவர் 1680-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி இத்தாலியா தேசத்தில் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். யோசேப் பெஸ்கி என்பது இவர் இயற்பெயர். 1698-ல் சேசு சபையில் சேர்ந்து, 1710-ல் இந்தியாவுக்கு வந்தார். அப்பொழுது தமிழ்நாடு பல பாளையங்களாகப் பிரிந்து கிடந்தது. அந்நியன் என்றாலே எல்லோருக்கும் சந்தேகம். தெற்கே குருக்கள்பட்டியில் இவரைப் பிடித்துச் சிறையிலும் வைத்தார்கள்.

ஆயினும் முனிவர் மனந்தளரவில்லை. காவி உடுத்தார், தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டார். பிரசங்கம் செய்யவந்த குரு, தமிழ்ப் புலவர்களிடம் மாணாக்கராகப் போய் உட்கார்ந்தார்! திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். 1732-ல் சதுரகராதியைத் தொகுத்தார். அர்ச்சியசிஷ்ட சூசையப்பரைத் தலைவராக வைத்து 3,615 பாடல்களில் தேம்பாவணி இயற்றினார். அதில் வரும் யூதேயா நாட்டில் தமிழ்நாட்டு வயலும் வாவியும் சோலையும் இருக்கக் காணலாம். சைவப் புலவரும் மனங்கூசாமல் படிக்கக்கூடிய காவியம் அது.

கோணாங்குப்பத்தில் அவர் செய்ததும் இதுவே. தேவமாதாவைச் சேலை உடுத்த தமிழ்த் தாயாக அமைத்து, இந்த வட்டாரத்து மக்கள் வாயில் ஏற்கனவே பழகியிருந்த பெயரைச் சூட்டினார். கோவில் எழும்ப உதவியவர் கிறீஸ்தவரல்லாத முகாசாபரூர் பாளையக்காரர் கச்சிராயர் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். இன்றும் சனவரித் திருவிழாவில் பிற மதத்தாரும் திரளாக வந்து மாதாவை வணங்குகிறார்கள்.

முனிவர் 1747-ல் மரித்தார். 1968-ல் நடந்த உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் தமிழ்ச் சான்றோர் வரிசையில் அவருக்கும் சிலை வைத்தார்கள்.

பிரியமானவர்களே, ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் காலத்துக் கோவில்களில் சாதிக்குச் சாதி இடம் பிரித்தே உட்கார்ந்தார்கள். தேம்பாவணி அந்தக் கோட்டை அழித்துவிடவில்லை. பாட்டும் சிற்பமும் கதவைத் திறந்து வைக்கும். உள்ளே வந்தவருக்குப் பக்கத்தில் இடம் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஆகையால் நம் திருவிழா வரும்போது சற்று யோசித்துப் பாருங்கள். அடுத்த தெருவில் நன்றாக மேளமும் பறையும் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தேர்தல் வந்தால் அவர்கள் ஒரு கட்சி, நாம் ஒரு கட்சி என்று முகங்கொடுத்துப் பேசாமல் இருந்துவிடுகிறோம். கூலி பேசி அவர்களை அழைத்து, வாசலோடு அனுப்பிவிடுவது எளிது. அதைவிட, நம் பிள்ளைகளை அவர்களிடம் அனுப்பி அந்தத் தாளத்தைக் கற்றுவரச் செய்யுங்கள். திருவிழா அசனத்தில் அவர்களையும் நம்மோடு ஒரே பந்தியில் உட்காரவையுங்கள். முதலில் மாணாக்கராகப் போய் உட்கார்ந்த முனிவர் நமக்குக் காட்டிய வழி அது.

பெரியநாயகித் தாய் நம் எல்லோரையும் ஒரு குடும்பமாகக் காத்தருள்வாளாக.

உங்கள் பங்குக் குரு