புலி சுட்ட கை கேமரா பிடித்தது ஏன்? சஃபாரி வழிகாட்டிகளின் முன்னோடி ஜிம் கார்பெட்டின் கதை

முதுமலையில் வனத்துறை வண்டியில் ஏறியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். வண்டி சட்டென்று நிற்கும். வழிகாட்டி கையைக் காட்டி எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்வார். தூரத்தில் ஒரு புள்ளிமான் கத்தும். அடுத்து மரத்து மேலிருந்து மந்தியும் கத்தும். புலியோ சிறுத்தையோ பக்கத்தில்தான் இருக்கிறது என்று அவர் புரிந்துகொள்வார். விலங்கு யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஆனால் அது எந்தப் பக்கம் நடக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

காட்டின் இந்த மொழியைக் கற்று, அதை உலகத்துக்கு எழுதிக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஜிம் கார்பெட். ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டவர் என்றுதான் பலருக்கும் அவரைத் தெரியும். ஆனால் வாழ்க்கையின் பின்பாதியில் அவர் புலியை உயிரோடு காட்டும் ஆளாக மாறினார். அந்த மாற்றம் எப்படி நடந்தது?

யார் இந்த ஜிம் கார்பெட்?

முழுப்பெயர் எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட். 1875 ஜூலை 25-ல் நைனிடாலில் பிறந்தார். இன்றைக்கு அது உத்தராகண்ட் மாநிலத்தில் இருக்கிறது. அப்பா அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். பெரிய குடும்பம். ஜிம் சிறுவனாக இருக்கும்போதே அப்பா இறந்துபோக, வீட்டில் பணத்துக்குத் திண்டாட்டம்.

கோடையில் மலைமேல் நைனிடால், குளிர்காலத்தில் அடிவாரத்தில் காலாடுங்கி என்று இரண்டு ஊர்களில் வளர்ந்தார். காலாடுங்கி வீட்டைத் தாண்டினாலே காடு. அங்கே அவருக்குப் பாடம் எடுத்தவர்களில் முக்கியமானவர் குன்வர் சிங் என்ற உள்ளூர்க்காரர். சட்டத்துக்குத் தெரியாமல் வேட்டையாடிப் பழகியவர். காட்டில் வழி தப்பாமல் இருப்பது, சத்தம் வராமல் நடப்பது, பயத்தை அடக்குவது எல்லாம் அவரிடம் கற்றவைதான். பின்னாளில் உலகமே கொண்டாடிய வழிகாட்டிக்கு, ஊர்க்காரர் ஒருவர்தான் வழிகாட்டி.

20 வயதுக்குள்ளேயே ரயில்வே வேலைக்குப் போனார். பீகாரில் கங்கைக் கரையில் இருக்கும் மொகாமே காட்டில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்தம் எடுத்து, 20 ஆண்டுகளுக்கு மேல் அங்கே உழைத்தார். ஊரின் பெயரில்தான் 'காட்' உண்டு. அது படித்துறை, வனம் இல்லை. புலி வேட்டை அவருக்குச் சம்பளம் தரும் வேலையாக இருந்ததே இல்லை. அழைப்பு வந்தால் லீவு போட்டுவிட்டுத்தான் போவார்.

436 உயிர்கள்: சம்பாவத்தில் என்ன நடந்தது?

1907-ல் வந்த அழைப்பு அவர் வாழ்க்கையை மாற்றியது. குமாவுன் மலைப்பகுதியில் சம்பாவத் பக்கம் ஒரு பெண்புலி ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது. நேபாளத்தில் சுமார் 200 பேரைக் கொன்றபிறகு, அங்கிருந்து விரட்டப்பட்டு இந்தியப் பக்கம் வந்த புலி அது. மொத்தக் கணக்கு 436 பேர்.

கார்பெட் போய்ச் சேர்ந்த பாலி என்ற கிராமத்தில், பல நாட்களாக யாரும் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. வயலில் பயிர் அப்படியே நின்றது. தண்ணீர் எடுக்கக்கூடப் பயம். இறந்தவர்களில் பலர் விறகுக்கும் புல்லுக்கும் காட்டுக்குப் போன பெண்கள். அந்தப் புலியின் கடைசி பலியும் ஒரு இளம்பெண்தான்.

போவதற்கு முன் அவர் இரண்டு நிபந்தனைகள் வைத்தார். புலிக்கு அறிவித்திருந்த பரிசுப்பணத்தை ரத்து செய்ய வேண்டும். மற்ற வேட்டைக்காரர்களைத் திருப்பி அழைக்க வேண்டும். பரிசுக்காகச் சுடுகிறவர் என்ற பெயர் தனக்கு வேண்டாம் என்பது ஒரு காரணம். தெரியாத ஆளின் குண்டு தன் மேல் பட்டுவிடக்கூடாது என்பது இன்னொரு காரணம். கடைசியில் சுமார் 300 கிராமத்தினர் மலைமுகட்டில் நின்று மேளம் தட்டி, சத்தம் போட்டு விரட்ட, கீழே காத்திருந்த கார்பெட் அந்தப் புலியைச் சுட்டார்.

புலி ஏன் ஆளைக் கொல்கிறது?

சுட்டதோடு அவர் கிளம்பிவிடவில்லை. செத்த புலியின் வாயைத் திறந்து பார்த்தார். வலது பக்கம் மேல் கோரைப்பல் பாதி உடைந்திருந்தது. கீழ்ப்பல் அடியோடு போயிருந்தது. எப்போதோ யாரோ சுட்ட குண்டின் வேலை அது. பல் போன புலியால் மானை மடக்க முடியவில்லை. அதனால்தான் அது மனிதரிடம் வந்தது என்று கார்பெட் முடிவுக்கு வந்தார்.

அவர் கையாண்ட பல வழக்குகளில் இதே மாதிரியான காரணம்தான் கிடைத்தது. ஒன்று, அரைகுறையாகச் சுட்டு விட்டுவிட்ட காயம். இல்லையென்றால் முள்ளம்பன்றியின் முள் குத்தி சீழ் பிடித்த கால். சிறுத்தைகளுக்கு அவர் வேறொரு விளக்கம் சொன்னார். கொள்ளைநோய் வரும்போது எரிக்க ஆளில்லாமல் உடல்களை மலைச்சரிவில் போட்டுவிடுவார்கள். அதைத் தின்று பழகிய சிறுத்தை, நோய் அடங்கியதும் உயிரோடு இருப்பவர்களைத் தேடி வரும்.

கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரை பாதையை 8 ஆண்டுகள் நடுங்கவைத்த ருத்ரபிரயாக் சிறுத்தை இதற்குப் பெரிய உதாரணம். 1918 முதல் 1926 வரை அது கொன்றதாகப் பதிவானவர்கள் 125 பேர். பல மாதங்கள், பல இரவுகள் காத்திருந்து 1926 மே மாதம் கார்பெட் அதைச் சுட்டார்.

சுருக்கமாகச் சொன்னால், ஆட்கொல்லியை உருவாக்குவது பெரும்பாலும் மனிதர்கள் விட்டுவைத்த ஏதோ ஒன்று. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் அந்தத் தவறைச் செய்தவர்கள் இல்லை. காட்டோரத்தில் இருந்த ஏழைகள்.

துப்பாக்கியிலிருந்து கேமராவுக்கு

1920-களில் எஃப்.டபிள்யூ. சாம்பியன் என்ற வன அதிகாரி வித்தியாசமான ஒரு வேலை செய்துகொண்டிருந்தார். புலி நடக்கும் பாதையில் கம்பி கட்டி, கால் பட்டதும் ஃபிளாஷ் அடித்துப் படம் விழும்படி கேமராவை வைப்பார். இன்றைய கேமரா ட்ராப்பின் தாத்தா என்று அதைச் சொல்லலாம். கார்பெட்டை அது ரொம்பவே ஈர்த்தது.

அவரும் ஒரு சினி கேமரா வாங்கினார். ஆனால் ஒரு சிக்கல். ஓடும் கேமராவின் சத்தம் கேட்டதும் புலி போய்விடும். அதனால் காட்டு ஓடையில் சின்னச் சின்ன அணைகள் கட்டினார். தண்ணீர் விழும் சத்தத்தில் கேமரா சத்தம் கரைந்துபோகும். இப்படி மாதக்கணக்கில் உட்கார்ந்து புலிகளைப் படம்பிடித்தார். சுடுவதைவிட இதற்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும், அதிகத் திறமை வேண்டும் என்பது அவர் கருத்து. சுட்ட புலியின் தோல் ஒருவர் வீட்டுச் சுவரோடு முடிந்துபோகும். படத்தை எத்தனை பேர் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பள்ளிகளுக்குப் போய் மாணவர்களிடம் காடு பற்றிப் பேசினார். விலங்குகளின் எச்சரிக்கை ஒலிகளை அப்படியே செய்துகாட்டுவார். 1936-ல் ஹெய்லி தேசியப் பூங்கா உருவானது. இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா இதுதான். அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் கார்பெட்டும் ஒருவர். அவர் இறந்தபிறகு 1950-களில் அதே பூங்காவுக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது.

அப்போ, அவர் முழுக்க நல்லவரா?

அப்படி எளிதாகச் சொல்லிவிட முடியாது. அவர் சுட்ட எல்லாமே ஆட்கொல்லி இல்லை. பொவல்கர் பகுதியில் இருந்த மிகப்பெரிய ஆண்புலி யாரையும் கொன்றதில்லை. பல வேட்டைக்காரர்கள் குறிவைத்த அந்தப் புலியை 1930-ல் சுட்டவர் கார்பெட். கேமரா வாங்கியபிறகும் வைஸ்ராய் லின்லித்கோ போன்ற பெரிய இடத்து விருந்தாளிகளுக்குப் புலி வேட்டை ஏற்பாடு செய்து கொடுத்தார்.

புலியைக் கொன்றால் பரிசு கொடுத்த ஆட்சியின் காலம் அது. அந்த ஆட்சியின் ஆளாகவும் அவர் இருந்தார், அந்த மலை மக்களின் ஆளாகவும் இருந்தார். சோட்டி ஹல்துவானி என்ற கிராமத்தை வாங்கி, குடிகளை அமர்த்தினார். காட்டு விலங்கு பயிரை அழிக்காமல் இருக்க ஊரைச் சுற்றிச் சுவர் கட்டிக் கொடுத்தார். பிறகு நிலத்தைக் குடிகளுக்கே விட்டுவிட்டார். அந்தச் சுவர் இன்றும் இருக்கிறது. அவர் வீடு இப்போது மியூசியம்.

கென்யாவில் ஒரு ராத்திரி

1944-ல் வெளியான குமாவுன் ஆட்கொல்லிகள் பற்றிய புத்தகம் அவரை உலகப் புகழ் ஆக்கியது. ஆனாலும் சுதந்திரத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் வம்சாவளிக்காரர்களின் நிலை என்ன ஆகுமோ என்ற கவலை அவருக்கு இருந்தது. 1947 கடைசியில் சகோதரி மேகியுடன் கென்யா போய்விட்டார். நியேரி என்ற ஊரில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் முன்பு வாழ்ந்த குடிசையில் தங்கினார். அங்கே வன விலங்குகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டினார்.

1952 பிப்ரவரி 5. நியேரிக்குப் பக்கத்தில் பெரிய அத்தி மரத்தின் மேல் கட்டிய ட்ரீடாப்ஸ் விடுதிக்கு இங்கிலாந்து இளவரசி எலிசபெத் வந்தார். வழிகாட்டியாகக் கூட இருந்தவர் 76 வயது கார்பெட். மரத்தடியில் யானைக்கூட்டம் நின்றிருந்தது. இரவு முழுக்க இளவரசி விலங்குகளைப் பார்க்க, கார்பெட் ஏணியின் உச்சியில் துப்பாக்கியோடு காவல் இருந்தார். அந்த ராத்திரி துப்பாக்கிக்கு வேலையே வரவில்லை. விடியும் நேரத்தில் இங்கிலாந்தில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் இறந்துபோனார். மரத்தில் ஏறிய இளவரசி, இறங்கும்போது ராணி. அந்தச் செய்தி யாருக்கும் அப்போது தெரியாது.

1955 ஏப்ரல் 19-ல் மாரடைப்பில் கார்பெட் இறந்தார். நியேரியிலேயே அடக்கம். 1973 ஏப்ரல் 1-ல் புலிகளைக் காக்கும் தேசியத் திட்டம் தொடங்கியபோது, அதற்குத் தேர்வான இடம் அவர் பெயர் கொண்ட பூங்காதான்.

நமக்கு இதில் என்ன இருக்கு?

2021-ல் நீலகிரியில் மசினகுடி பக்கம் டி23 புலியைத் தேடியது பலருக்கும் நினைவிருக்கும். நான்கு பேர் சாவுக்குக் காரணம் என்று சொல்லப்பட்ட புலி. அதைக் கொல்ல வேண்டாம், உயிரோடு பிடியுங்கள் என்ற திசையில் சென்னை உயர் நீதிமன்றம் வழிகாட்டியது. மூன்று வாரத் தேடலுக்குப் பிறகு அக்டோபர் 15-ல் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, மைசூருக்குக் கொண்டுபோனார்கள். பிடிபட்ட புலியின் உடம்பில் காயங்கள் இருந்தன. சம்பாவத் புலியின் உடைந்த பல்லை நினைத்துப் பார்த்தால், 114 ஆண்டுகளில் கேள்வி மாறவில்லை, பதில்தான் மாறியிருக்கிறது என்று புரியும்.

சஃபாரி போகும்போது கார்பெட்டிடம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் இதில்தான் இருக்கிறது. புலியைக் காட்டியே ஆக வேண்டும் என்று வழிகாட்டியை நெருக்கினால், வண்டி விலங்கின் வழியை மறிக்கும். கத்தும் மானைக் கவனித்து, காலடித் தடத்தைப் பார்த்து, காத்திருக்கத் தெரிந்தால் புலி வராத நாளும் வீண் போகாது.

இதைப் பழக நீலகிரிக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. அபிஷேகப்பாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு பாகூர் ஏரியும், 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊசுடு ஏரியும் பைக்கில் போய்வரும் தூரம்தான். ஏரிக்கரையில் ஆள் நடமாட்டம் தெரிந்ததும் கத்திக்கொண்டே பறக்கும் குருவிக்கு ஆள்காட்டி என்று பெயர் வைத்தவர்கள் நம்ம ஊர்க்காரர்கள். தவிட்டுக்குருவிக் கூட்டம் திடீரென்று கூச்சல் போட்டால் கீழே கீரியோ பாம்போ இருக்கலாம், மேலே வல்லூறு பறக்கலாம். காலையில் ஒரு மணி நேரம் போனை சைலன்டில் போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்தால், குன்வர் சிங் அந்தச் சிறுவனுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.