பவோலா தந்த துறவி

தென் இத்தாலியின் கலாப்ரியாவிலுள்ள கடலோரச் சிற்றூர் பவோலா. அங்கு வரும் திருப்பயணிகள் புனித பிரான்சிஸின் திருத்தலத்தை நாடிச் செல்கின்றனர். 1416இல் இவ்வூரில் பிறந்த அவர், இளமையிலேயே குகையொன்றில் தனித்திருந்து செபித்தார். இறைச்சி, மீன், முட்டை, பால் அனைத்தையும் துறந்தார். 'மிகச் சிறியோர்' எனும் துறவற சபையை நிறுவினார்.

மரணத்துக்கு அஞ்சிய பிரெஞ்சு மன்னர் பதினோராம் லூயி, தம் ஆயுள் நீள வேண்டி அவரை அழைத்தார். அவர் இசையவில்லை. பாப்பரசர் நான்காம் சிக்ஸ்துஸ் கட்டளையிடவே, முதிய வயதில் ஊரைவிட்டுப் புறப்பட்டார். ஆயுளை நீட்டித்தருவதாக வாக்களியாமல், மன்னரை நல்மரணத்துக்கு ஆயத்தப்படுத்தினார். 1483இல் மன்னர் இறந்தார்.

பிரான்சிஸோ பிறந்த ஊரை மீண்டும் காணாமலே, 1507இல் பெரிய வெள்ளியன்று பிரான்சில் இறைவனடி சேர்ந்தார். 1519இல் புனிதராக உயர்த்தப்பட்ட அவர், இன்று இத்தாலியக் கடலோடிகளின் பாதுகாவலர்.