இழையின் இலக்கணம் கண்டவர்

தம்பி,

பிள்ளையார்பாளையத்துத் தெருவொன்றிலே, குழித்தறியில் கால் வைத்து உட்கார்ந்திருக்கும் நெசவாளத் தோழரைப் பார்த்திருப்பாய். பட்டிழையை விரலால் தொட்ட மாத்திரத்தில், முறுக்கு போதுமா போதாதா என்று சொல்லிவிடுவார். எதுவரை இழுக்கலாம், எங்கே அறுந்துவிடும் என்பது அவருடைய விரலுக்குத் தெரியும். ஏன் அப்படி என்று கேட்டால் மட்டும் சிரித்துக்கொள்வார். அந்த ‘ஏன்’ என்ற கேள்விக்கு இலக்கணம் வகுத்த ஒருவர் சென்னையிலே இருந்தார். அவர் பெயர் இராமச்சந்திரன்.

இராமச்சந்திரன் என்றதும் உன் நினைவு எங்கே ஓடும் என்பது எனக்குத் தெரியும்! திரையிலே வாள் வீசியவர் அல்லர் இவர். அணுக்களின் இடைவெளியை அளந்தவர். ஜி. என். இராமச்சந்திரன்.

1922ஆம் ஆண்டு எர்ணாகுளத்திலே, கணிதப் பேராசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் படித்தார். மின்பொறியியல் கற்க பெங்களூர் சென்றவரை, சர் சி. வி. இராமன் இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டார். கேம்பிரிட்ஜ் போய் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1952இலே, சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தர் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் இயற்பியல் துறைக்குத் தலைவர் தேடினார். இராமனை அழைத்தார், அவரோ தம் மாணவரைச் சுட்டிக்காட்டினார். முப்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்த இளைஞர் பேராசிரியரானார்.

எதை ஆராய்வது? அண்டையிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். தோலுக்கும் தசைநாணுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் புரதம் கொல்லாஜன். ஆம்பூர்த் தொழிலாளி பதனிடும் தோலிலே இருப்பதும் அதுதான். அதன் உள்ளமைப்பு அன்று யாருக்கும் புரியாத புதிர். கோபிநாத் கர்த்தா என்ற இளம் ஆராய்ச்சியாளருடன் சேர்ந்து அந்தப் புதிரைப் பிடித்தார். 1954இலே விடை சொன்னார்: மூன்று சங்கிலிகள் சேர்ந்த முப்புரி! மறு ஆண்டே, அம்மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டு நிற்கின்றன என்று திருத்திச் செம்மைப்படுத்தினார். புரி சேர்த்து முறுக்கினால் இழைக்கு வலிமை என்று நெசவாளி அறிந்திருக்கிறாரே, அதே வித்தையை உடலுக்குள்ளே கண்டார்!

பாராட்டு வந்தது, கூடவே தாக்குதலும் வந்தது. கிரிக், ரிச் என்ற இரு பேரறிஞர்கள், இராமச்சந்திரனின் அமைப்பிலே சில அணுக்கள் நெருங்கக் கூடாத அளவு நெருங்கிவிட்டன, அது நிற்காது என்றனர். முப்புரி என்ற அடிப்படை நிலைத்தது. பிணைப்புகளின் எண்ணிக்கையிலே அவர்கள் சொன்னதே பின்னர் சரியாயிற்று.

வேறொருவராக இருந்தால் கோபித்திருப்பார், அல்லது குமுறி ஓய்ந்திருப்பார். இவர் என்ன செய்தார் தெரியுமா? நெருங்கக் கூடாது என்கிறார்களே, எவ்வளவு நெருங்கலாம் என்று அளந்து பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தார்!

சசிசேகரன், இராமகிருஷ்ணன் என்ற இரு மாணவர்கள் துணை நின்றனர். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் மூன்று இணைப்புகள். ஒன்று திரும்பாது, இறுகி நிற்கும். மற்ற இரண்டும் திரும்பும். எந்தக் கோணத்துக்குத் திருப்பினால் அணுவோடு அணு முட்டும், எதிலே முட்டாது என்று ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு, ஒரே சதுரத் தாளிலே குறித்தனர். முக்கால் பங்கு இடம் அடைபட்டுப் போயிற்று! எஞ்சிய சிறு தீவுகளிலேதான் சங்கிலிக்கு வாழ்வு. அந்தப் படம் 1963இலே வெளிவந்தது. இராமச்சந்திரன் வரைபடம் என்று உலகம் அதற்குப் பெயர் சூட்டிற்று.

தம்பி, குறுகிய சந்து ஒன்றை எண்ணிக்கொள். வெறுங்கையோடு போகிறவன் நினைத்த பக்கம் திரும்புவான். தோளிலே தடி வைத்து இருபுறமும் குடம் தொங்கவிட்டவன் திரும்பினால் சுவரிலே இடிப்பான். தன் துண்டாலே தன்னையே கட்டிக்கொண்டவனோ அசையவே மாட்டான். சங்கிலியின் கதையும் இதுவே. கிளைசின் என்ற கண்ணிக்குப் பக்கச்சுமை ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு. ஆகவே அதற்கு அந்தத் தாளிலே ஏறத்தாழப் பாதி இடம் திறந்திருக்கிறது. அலனினுக்குச் சற்றே பெரிய சுமை, இடமும் குறைவு. புரோலின், தன் பக்கக் கிளையைத் தன் முதுகிலேயே பூட்டிக்கொண்டது. அசைவும் மிகச் சுருங்கிற்று. முப்புரியின் நடுவிலே மூன்றாவது கண்ணிதோறும் கிளைசின் வருவதேன்? அந்த நெரிசலிலே வேறெதற்கும் இடமில்லை!

பட்டுக்கு வா. பட்டுப்புழு நூற்கும் புரதத்திலே நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் கிளைசின், அடுத்தது அலனின். சுமை சிறிது என்பதால், சங்கிலிகள் நீட்டி நிமிர்ந்து நெருக்கமாக அடுக்கிக்கொள்கின்றன. முன்பே நீண்டு நிற்பதை இன்னும் எவ்வளவு நீட்டுவது? கம்பளியின் சங்கிலி சுருள். இழுத்தால் சுருள் பிரியும், நீளும். இதுதான் தறியிலே விரல் அறிந்த உண்மை.

புரதத்தோடு நிற்பதில்லை இந்த நியதி. பாலிதீன் சங்கிலிக்குப் பக்கச்சுமை இல்லை, பை வளைகிறது. பாலிஸ்டைரீனில் ஒன்றுவிட்ட கரியணுதோறும் பெரிய வளையம் தொங்குகிறது, வளைத்தால் ஒடிகிறது.

1971இலே, இலட்சுமிநாராயணன் என்பவரோடு சேர்ந்து, உடலை வெட்டாமல் உள்ளே பார்க்கும் சி.டி. ஸ்கேனுக்கு உதவும் கணக்கு முறையையும் தந்தார். 1977இலே இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிற்று. நோபல் பரிசு மட்டும் வரவில்லை. 2001 ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையிலே மறைந்தார்.

பரிசு வரவில்லை, பெயர் நிலைத்தது! இன்று எந்த நாட்டு ஆய்வுக்கூடம் புரதத்தின் வடிவை வரைந்தாலும், இராமச்சந்திரன் வரைபடத்திலே வைத்துச் சரிபார்க்கிறது. குறை சொன்னவர்களின் நாட்டிலும் அதுவே அளவுகோல்.

உன் கட்டுமானம் நிற்காது என்று எவனாவது சொன்னால், தம்பி, ஏசாதே; அளந்து பார். தவறு நம்முடையதானால் திருத்து. இராமச்சந்திரன் வாழ்வு சொல்லும் பாடம் அது. தறியருகே விளையாடும் பிள்ளை, இழை ஏன் அறுகிறது என்று கேட்டால், வாயடைக்காதே. அந்தக் கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதை நாம் பார்த்துவிட்டோம்.