ஒப்புரவு கற்ற அம்மையார்

திருக்குறளில் ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரம். ஈகை 23ஆம் அதிகாரம். அடுத்தடுத்து நிற்பதாலோ என்னவோ, இரண்டையும் ஒன்றெனவே சொல்லிக் கடந்துவிடும் வழக்கம் வகுப்பறைகளில் உண்டு. இல்லாதவர்க்குக் கொடுப்பது ஈகை. ஊரார் வாழ்வோடு தன் வாழ்வைப் பொருத்திக்கொண்டு உதவுவது ஒப்புரவு. கொடையாகத் தொடங்கிய சமூகப்பணி ஒப்புரவை நோக்கி நடந்த பாதையை அறிய விரும்புவோர், ஜேன் ஆடம்ஸ் அம்மையாரின் வாழ்வை அறிதல் வேண்டும்.

அம்மையார் 1860 செப்டம்பர் 6 அன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துச் சீடர்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் மாவு ஆலை உரிமையாளர், மாநில மேலவை உறுப்பினர், லிங்கனின் நண்பர். இரண்டு வயதில் தாயை இழந்த குழந்தையின் முதுகெலும்பை நோய் வளைத்தது. ராக்ஃபோர்டு மகளிர் கல்விக்கூடத்தில் பயின்று முடித்த 1881ஆம் ஆண்டிலேயே தந்தையும் மறைந்தார். மருத்துவம் கற்கப் பிலடெல்பியா சென்றார், உடல் இடங்கொடுக்கவில்லை. கற்ற பெண்ணுக்கு அக்கல்வியால் ஆகும் பணி யாது என எவரும் சொல்லாத காலம் அது. கையில் செல்வம் இருந்தது, செய்வதற்கு ஒன்றுமில்லை. ஐரோப்பியப் பயணத்தின்போது, கிழக்கு லண்டனில் ஒரு சனிக்கிழமை இரவு, அழுகத் தொடங்கிய காய்கறிகள் ஏழைகளிடையே ஏலம் விடப்படுவதைக் கண்டார். அவற்றைப் பெற மேலே நீண்ட கைகள் நெடுங்காலம் அவர் நினைவை விட்டு அகலவில்லை.

மீண்டும் 1888இல் லண்டன் சென்றபோது, பல்கலைக்கழக இளைஞர் ஏழையர் நடுவே குடியிருந்து பணியாற்றிய டாயின்பி மாளிகையைப் பார்த்தார். வழி புலப்பட்டது. 1889 செப்டம்பர் 18 அன்று தோழி எல்லன் கேட்ஸ் ஸ்டாருடன் சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் பழைய ஹல் மாளிகையில் குடியேறினார். இத்தாலியர், கிரேக்கர், ரஷ்ய யூதர், போலந்துக்காரர் எனப் பிழைப்புத் தேடி வந்தோர் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. வந்த இருவரும் தம்மைப் புரவலர் எனக் கருதவில்லை. அண்டை வீட்டார் என்றே எண்ணினர். எனினும் அண்டை வீட்டாராய் இருப்பது எளிதில் வந்துவிடவில்லை.

1893இல் தாக்கிய பொருளாதார வீழ்ச்சி சிகாகோவில் எண்ணற்றோரின் பிழைப்பைப் பறித்தது. அக்குளிர்காலத்தில் உதவி வழங்கும் பொறுப்பு அம்மையாருக்கும் வந்தது. எந்த வேலையேனும் கிடைக்குமாயின் அதனை முயன்று பார்த்த பின்னரே ஒருவர் உதவி கேட்கலாம் என்பது அறக்கொடைச் சங்கங்களின் விதி. சரக்கு அனுப்பும் பிரிவில் எழுத்தராயிருந்து வேலையிழந்த ஒருவர் குடும்பத்துக்காக அவரை நாடி வந்தார். வடிகால் கால்வாய் வெட்டும் பணிக்கு ஆள் எடுப்பதை அம்மையார் சுட்டிக்காட்டினார். தாம் என்றும் கூரையின்கீழ் உழைத்தவர் என்றும், குளிரில் வெளிவேலையைத் தம் உடல் தாங்காது என்றும் வந்தவர் தயங்கினார். ஆயினும் சென்றார். இரண்டு நாள் மண் வெட்டினார். நிமோனியா கண்டு ஒரு வாரத்தில் இறந்தார்.

அவர் விட்டுச்சென்ற இரு குழந்தைகளை அம்மையார் கைவிடவில்லை. அவர்களைக் காணுந்தோறும் தம் தவற்றையும் மறக்கவில்லை. மனித வாழ்வை விதிகளால் அளந்துவிட இயலாது என்பதைத் தாம் கற்றது இங்கேதான் என 1910இல் வெளியிட்ட தன்வரலாற்றில் ஒளிக்காமல் எழுதினார். தம்மால் நேர்ந்த இறப்பை இவ்வளவு நேராகச் சொல்லும் தன்வரலாறுகள் அரியவை. ஒவ்வொருவரையும் தனித்த மனிதராய்க் காண்க, அவர் தம்மைப் பற்றிச் சொல்வதற்குச் செவிகொடுக்க என்று சமூகப்பணி மாணவர்க்கு முதற்பாடமாகச் சொல்லப்படுவதன் பின்னே, பெயர் பதிவாகாத அந்த எழுத்தரும் நிற்கிறார்.

பின்னர் அம்மையார் தெருவுக்கு இறங்கினார். குப்பை அள்ளப்படாத வட்டாரத்தில் குழந்தைகள் மடிவதைக் கண்டு, 1895இல் குப்பைக் கண்காணிப்பாளர் பதவியை ஏற்று, விடியலில் எழுந்து வண்டிகளின் பின்னே சென்றார். ஒரு தெருவில் குப்பையைத் தோண்டியபின், 18 அங்குல ஆழத்தில், கல் பாவிய தளம் வெளிப்பட்டது. உடனுறைந்த ஃபுளோரன்ஸ் கெல்லியின் உழைப்பால் 1893இல் தொழிற்சாலைச் சட்டம் வந்திருந்தது. 1899இல் சிகாகோவில் சிறார் நீதிமன்றம் பிறந்ததிலும் ஹல் இல்லத்தார்க்குப் பங்குண்டு.

1896இல் டால்ஸ்டாயைச் சந்தித்தபோது, அம்மையாரின் சட்டைக் கையில் ஒரு சிறுமிக்கு ஆடை தைக்கும் அளவு துணி இருப்பதை அவர் இடித்துரைத்தார். நாணிய அம்மையார் நாள்தோறும் இரண்டு மணி நேரம் ரொட்டி சுடுவதென உறுதிபூண்டார். ஊர் திரும்பியதும் வாயிலில் காத்திருந்த மக்களைக் கண்டு அவ்வுறுதியைக் கைவிட்டார். டால்ஸ்டாயின்பால் எத்துணை மதிப்பிருப்பினும், இவ்விடத்தில் என் மனம் அம்மையார் பக்கமே சாய்கிறது.

இப்பணியைத் துறையாக்கியதில் மேரி ரிச்மண்ட் அம்மையாரின் பங்கு பெரிது. நியூயார்க்கில் 1898இல் பயிற்சி வகுப்பு தொடங்கியது. ஒரு குடும்பத்தின் இன்னலை ஆராய்ந்தறியும் முறையை வகுத்த அவரது நூல் 1917இல் வந்தது.

போர் மூண்டபின் 1915இல் ஹேக் நகரில் கூடிய மகளிர் மாநாட்டுக்கு ஜேன் ஆடம்ஸ் தலைமை ஏற்றார். துப்பாக்கி முனைக் கத்தியால் குத்திப் பாயுமுன் வீரர்க்கு மது கொடுக்கப்படுவதாக அவர் பேசியதும், போற்றிய செய்தித்தாள்களே தூற்றின. 1931இல் நோபல் அமைதிப் பரிசு, நிக்கோலஸ் மர்ரே பட்லருடன் பகிர்ந்து வழங்கப்பட்டபோது, அவர் மருத்துவமனையில் கிடந்தார். 1935 மே 21 அன்று மறைந்து, சீடர்விலில் அடக்கம் செய்யப்பட்டார்.

மறு ஆண்டே பம்பாயில், நாக்பாடாவில் இத்தகைய அண்டையர் இல்லம் நடத்திய கிளிஃபோர்டு மான்ஷார்டின் முயற்சியால், இந்தியாவின் முதல் சமூகப்பணிக் கல்விக்கூடம் எழுந்தது. சென்னையில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் ஒன்றை நிறுவினார். ஹல் இல்லத்தின் கட்டடங்களுள் பெரும்பாலானவை 1960களில் பல்கலைக்கழக வளாகத்துக்காக இடிக்கப்பட்டன. அதன் பெயரால் தொண்டு புரிந்த சங்கமும் பணமின்றி 2012இல் மூடப்பட்டது. அவர் குடியேறிய பழைய செங்கல் வீடு ஹால்ஸ்டெட் தெருவில் அருங்காட்சியகமாய் நிற்கிறது.